ஒரு கட்டுச் சுருட்டு

ஒருவர் நம்பித் தந்த பொருளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது நேர்மையா? அல்லது நேர்மையீனம் உடுத்திக்கொள்ளும் நல்ல உடுப்புகளில் அதுவும் ஒன்றா? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமேயான ஒரு பழுப்பு வண்டு.

ஐயா தென்னிலங்கையில் ஒரு சிறு பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் விளைந்த புகையிலை, கொட்டில்களில் சுருட்டாகி, கட்டுக்கட்டாகச் சிங்கள ஊர்களுக்குப் போன காலம் அது. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கடைகள்தான் சோறு போட்டன. 1983 யூலையில் ஐயாவின் கடை எரிந்தது. ஐயாவும் கடையில் நின்ற பொடியனும் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பொடியன் எனக்கு முன்னரே பாரிசுக்கு வந்துவிட்டார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அண்ணை என்றே கூப்பிடுவேன்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். திரும்பும்போது ஐயா இரண்டு கட்டுச் சுருட்டுத் தந்தார். “ஒண்டு உனக்கு. மற்றது அவனுக்கு. கையில குடு” என்றார். இரண்டு வருடங்களின் பின் ஐயா காலமானார்.

என்னுடைய கட்டைச் சிநேகிதர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தேன். மற்றக் கட்டைக் கொடுக்கவில்லை. அண்ணைக்கும் எனக்கும் அதற்கு முன்னமே கதைபேச்சு அறுந்திருந்தது. காசு சேர்க்க வந்தவர்களோடு அவரும் வந்தார். நான் மறுத்தேன். பிறகு ஒரு கலியாண வீட்டில் பலர் முன்னிலையில் என்னைத் துரோகி என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. “எங்கட கடையில கூலிக்கு நிண்டவர் எனக்கு அரசியல் சொல்லவேண்டாம்” என்றேன். அவருடைய சொல்லை அந்தக் காலத்தில் பலரும் பலருக்கும் சொன்னார்கள். என்னுடைய சொல் எனக்கு மட்டுமே சொந்தமானது.

கொடுக்கவில்லையே தவிர, அந்தக் கட்டை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். காற்றுப் புகாத பெட்டி வாங்கினேன். உள்ளே செடார்ப் பலகை வைத்தேன். சுருட்டுக்கு 18 முதல் 20 பாகை வரை வெப்பமும், 65 முதல் 70 வீதம் வரை ஈரப்பதனும் வேண்டும். ஈரம் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். குறைந்தால் மேலிலை வெடிக்கும், மணம் போய்விடும். ஈரமானியும் வாங்கினேன். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மூடியொன்றில் உப்பைப் போட்டுச் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஒரு பைக்குள் இறுக்கிக் கட்டிவைத்தால், மறுநாள் அது 75 காட்டவேண்டும். வருடம் தவறாமல் இதைச் செய்தேன். அண்ணையின் வீடு என் வீட்டிலிருந்து ஐந்து மெத்ரோ நிறுத்தம்.

2019 யூலை 25ஆம் திகதி பாரிசில் வெப்பம் 42.6 பாகையைத் தொட்டது. துத்தநாகத் தகட்டுக் கூரைக்குக் கீழே இருக்கிறது என் அறை. அந்தக் கோடையில் அது அடுப்பாகவே இருந்தது. சில வாரங்களின் பின் பெட்டியைத் திறந்தேன். சுருட்டுகளில் குண்டூசித் துளைகள். அடியில் மா மாதிரித் தூள். வண்டு ஒன்று பலகைமேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

புகையிலை வண்டு புகையிலையை மட்டும் தின்பதில்லை. மிளகாய்த்தூள், மல்லி, மஞ்சள், புத்தகக் கட்டின் பசை எல்லாவற்றிலும் வாழும். எகிப்தில் துட்டன்காமுனின் கல்லறைக்குள்ளும் அதைக் கண்டிருக்கிறார்கள். 24 பாகையைத் தாண்டினால் விறுவிறென்று பெருகும். முப்பது பாகையென்றால் முட்டை வண்டாக ஒன்றரை மாதம்கூடச் செல்லாது. அரிப்பது புழு, வண்டு பெரிதாக ஒன்றும் தின்பதில்லை. செடார் மணம் அதைத் துரத்தும் என்பார்கள். நம்பியிருக்கக்கூடாது.

பதினாறு வருடம் இல்லாத பூச்சி எங்கிருந்து வந்தது? குசினித் தட்டில் விடை கிடைத்தது. வைகாசியில் தங்கச்சி ஊரிலிருந்து அனுப்பிய மிளகாய்த்தூள் பை முழுக்க வண்டு. பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கும் என் பழக்கம் அதற்கு வழிவிட்டிருக்கவேண்டும்.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் தொடக்கத்தில் ஒரு விவாதம் வரும். நீதி என்பது வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதா? அப்படியென்றால், ஆயுதத்தைத் தந்த நண்பன் பிறகு புத்தி பேதலித்து அதைத் திருப்பிக் கேட்டால் கொடுக்கலாமா என்று சோக்கிரதீசு கேட்பார். கொடுக்கலாகாது என்பதில் எல்லோரும் உடன்படுவார்கள். பதினாறு வருடம் நான் இந்த விவாதத்துக்குள் ஒளிந்திருந்தேன். அண்ணைக்கு அரசியலில் புத்தி பேதலித்துவிட்டது, ஆகவே கொடுக்கவேண்டியதில்லை. வண்டைப் பார்த்த அன்றுதான் உறைத்தது: என்னிடம் இருந்தது ஆயுதமல்ல, சுருட்டு. பேதலித்தவனுக்கும் சுருட்டுக் கொடுக்கலாம்.

அந்தக் கட்டை நானே குடித்துத் தீர்த்திருந்தாலோ தொலைத்திருந்தாலோ வெட்கப்பட்டிருப்பேன். என்றாவது ஒருநாள் போய்ச் சொல்லியிருப்பேன். கவனமாக வைத்திருந்தபடியால் எனக்கு வெட்கமே வரவில்லை. மானி 68 காட்டும் ஒவ்வொரு நாளும் என் கடமை முடிந்ததாக நினைத்தேன். ஒரு பொருளை ஒப்படைக்கிறவர் அதற்குரிய காலத்தையும் சேர்த்தே ஒப்படைக்கிறார். பொருளைக் காத்துக்கொண்டு அந்தக் காலத்தைத் தின்றுவிடலாம். கணக்குக் கேட்க ஆளிராது.

ஐயாவுக்கு இது தெரிந்திருந்தது. கடையில் கட்டுகளைத் தரையில் வைக்கவிடமாட்டார். பலகைமேல், தகரக்கூரையின் வெக்கைக்கு விலத்தி வைப்பார். அடிக்கடி ஒரு சுருட்டை எடுத்து மேசையில் தட்டிப் பார்ப்பார். தூள் விழுந்தால் அந்தக் கட்டை ஒதுக்கிவிடுவார். ஆனால் எதையும் கனநாள் வைத்திருக்கமாட்டார். “சுருட்டு விக்கிற சாமான், வைக்கிற சாமான் இல்லை” என்பார்.

புலம்பெயர்ந்த நாங்கள் வைத்துக் காப்பதில் வலு கெட்டிக்காரர். ஊரை, பழைய கோபங்களை, கலியாண வீட்டுச் சொற்களை எல்லாம் அளவான ஈரத்தில் வைத்திருக்கிறோம். யாருக்குக் கொடுக்க என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

இருபத்தைந்தில் பதினொன்று துளையில்லாமல் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத முட்டை இருக்கலாம் என்பதால் இரண்டு பைகளுக்குள் இறுக்கிக் கட்டி, ஒருநாள் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். பிறகு ஒரு கிழமை சைபருக்குக் கீழே இருபது பாகையில். பிறகு மறுபடி குளிர்ப்பெட்டியில் ஒருநாள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் இலை வெடித்துவிடும். வண்டுகளைக் கொன்றதில் எனக்குப் பெருமையில்லை. அந்தக் கட்டால் பயன்பெற்றவை அவை மட்டும்தான்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு அண்ணையின் கதவைத் தட்டினேன். அவர் மெலிந்திருந்தார். மூக்கில் ஒட்சிசன் குழாய். கலியாண வீட்டில் நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். “அதை விடும் தம்பி” என்றார். தான் சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. சுருட்டுகளை நீட்டினேன். ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்தார். பிறகு ஐயா செய்வதுபோல மேசையில் இரண்டு தரம் தட்டினார். தூள் விழவில்லை.

“முதலாளி எப்ப தந்தவர்?”

“2003இல.”

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

“அப்ப நான் நாளுக்கு நாலு குடிச்சனான், தம்பி.”

நன்றாகத்தான் வைத்திருந்தேன் அண்ணை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.