கொத்தாதீர்கள், ஊட்டுங்கள்!



போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு நாட்டுக்கோழிக்கு அம்மை கண்டது. கொண்டையிலும் முகத்திலும் கொப்புளம். இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டது. தீவனத் தட்டுக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடந்தது. மற்றக் கோழிகளோ அதன் தலையிலேயே கொத்தின. "இனி பிழைக்காது பாஸ்டர், தூக்கிப் போட்டுடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

என் மனைவி விடவில்லை. தனிக் கூடையில் சாக்கு விரித்து வைத்தாள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைத்தாள். பொருக்கைப் பிய்க்கவில்லை, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டி, அலகைத் தண்ணீரில் தொட்டுவிட்டாள். ராத்திரி கொசுவலை போட்டு மூடினாள். கொசுதானே அம்மையைப் பரப்புகிறது! மூன்றாம் வாரம் பொருக்கு உதிர்ந்தது, கண் திறந்தது. அல்லேலூயா!

பிரியமானவர்களே, அந்த நாட்களில் ஆவியானவர் என்னைக் கடிந்துகொண்டார். சபைக்கு இரண்டு மாதமாய் வராத ஒரு சகோதரியைப் பற்றி, "பின்வாங்கிப் போயிட்டாங்க" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். (அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.) வேதம் பக்கத்திலேயே இருந்தது. வாசிக்க முடியாதபடி துக்கம் கண்ணை மூடியிருந்தது. நாமோ கொத்திக்கொண்டிருந்தோம்! மன்னிப்புக் கேட்டேன், சேர்ந்து அழுதோம், ஜெபித்தோம்.

மத்தேயு 23:37-ல் ஆண்டவர் தம்மைச் செட்டை விரிக்கிற தாய்க்கோழிக்கல்லவா ஒப்பிட்டார்? இந்த வாரம் நீங்கள் யார் வீட்டுக்குப் போகப் போறீங்க? வெறுங்கையோடு போகாதீங்க; கொஞ்சம் ஆகாரமும் கொண்டுபோங்க. ஆமென்.