தூருக்குள் இருக்கும் உயிர்

ஒரு மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது? சங்கராபுரம் பக்கம் வீடு கட்டவோ சாலையை அகலப்படுத்தவோ புளியையும் வேம்பையும் அறுக்கும்போது, மரம் சாய்ந்த நொடியில் அது செத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அதன்பின் நிற்கும் அடிக்கட்டை நமக்கு வெறும் இடைஞ்சல். மெஷின் ரம்பத்தால் தரையொட்டி அறுத்துவிட்டுப் போவதா, கட்டையைத் துருவித் தூளாக்கும் இயந்திரத்தை வரவழைப்பதா என்ற பேச்சு செலவுக் கணக்கோடு முடிந்துவிடுகிறது. அதில் அறக்கணக்கும் இருக்கிறது என்பதே என் வாதம். கொல்லாமையை நெறியாகக் கொண்டவர் மரத்தைச் சாய்க்கும்போது கேட்கும் கேள்வியைவிடக் கடினமான ஒன்றைத் தூரின் முன்னால் நின்று கேட்டாக வேண்டும்.

இந்த வட்டாரத்துக் கரும்பு விவசாயிக்கு இது தெரியாததல்ல. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பை அனுப்பியபின் கட்டையைத் தரையொட்டிச் சீவித் தண்ணீர் கட்டினால் மறுதாம்பு கிளம்பி வருகிறது. அவர் வெட்டியது விளைச்சலை, பயிரை அல்ல. வேம்பும் புளியும் புங்கனும் இப்படித்தான். அறுத்த வேப்பந்தூரின் பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே ஈரப்பச்சை தெரியும். ஒரு மழைக்குப்பின் அந்தப் பட்டையைக் கீறிக்கொண்டு செம்மை படர்ந்த துளிர்கள் எட்டிப் பார்க்கும். பனையும் தென்னையும் வேறு. அவற்றின் உயிர் உச்சிக் குருத்தில் இருப்பதால், தலை போனபின் நிற்பது உண்மையிலேயே பட்ட கட்டை. நியூசிலாந்தில் இலை ஒன்றுகூட இல்லாத ஒரு கவுரி (kauri) மரத்தூர், பக்கத்து மரங்களோடு வேரால் இணைந்து அவற்றின் நீரோட்டத்தைப் பகிர்ந்து உயிர்வாழ்வதை 2019இல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஆக, துளிர்க்கும் மரங்களுக்கு அடிமரம் சாய்வது பெரும் காயம், மரணம் அல்ல.

இந்த வேறுபாட்டைக் கருவிகளும் காட்டுகின்றன. மண்ணும் கல்லும் பட்டால் ரம்பச் சங்கிலியின் பற்கள் மழுங்கிவிடும் என்பதால் அறுப்பவர் சில அங்குலக் கட்டையை விட்டுத்தான் தீர வேண்டும். ரம்பத்தால் எட்ட முடியாத அந்தச் சில அங்குலத்தில்தான் மரம் பிழைத்துக்கொள்கிறது. துருவும் இயந்திரத்தின் சக்கரத்தில் கார்பைடு பற்கள் சுழல்கின்றன. அவை தரைக்குக் கீழே அரை அடி, ஓரடி இறங்கி, துளிர் பிறக்கும் இடத்தையே சிராயாக்கிவிடுகின்றன. பக்கவேர்கள் பெரும்பாலும் மண்ணுக்குள் மட்கிப்போகும். ஜேசிபியால் தோண்டி எடுத்தாலும் முடிவு இதேதான். நம் மரபு இந்த எல்லைக்கோட்டை அறிந்திருக்கிறது. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களாக வகுத்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துத் திருநறுங்கொண்டை போன்ற தலங்களில் வேரூன்றிய சமணம், கனியை ஏற்றுக் கிழங்கை விலக்கியது. கனியைப் பறித்தால் செடி நிற்கும், கிழங்கைப் பிடுங்கினால் செடியோடு மண்ணில் ஒட்டிய உயிர்களும் போகும். ஒரு குடும்பம் அடியோடு அழிந்ததை ‘வேரடி மண்ணோடு’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லிலும் இதே அறிவு இருக்கிறது.

மரத்துக்கு நரம்பில்லை, வலியில்லை, பிறகென்ன கொலை என்று கேட்கலாம். வலி இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஓர் உயிரின் மதிப்பு அது படும் வலியில் மட்டும் இல்லை. தன்னைத் தானே மீட்டுக்கொண்டு வாழ முயலும் ஒன்றை நிறுத்துகிறோம் என்பதே பொறுப்பைக் கொண்டுவரப் போதுமானது. உழவுக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் கட்டை தடையாக நிற்கிறதே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதை நான் ஏற்கிறேன். கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஏக்கரை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திடம் தூருக்காக நிலத்தை விட்டுக்கொடு என்று சொல்வது அறமாகாது. என் வாதம் தூரை எடுக்காதே என்பதல்ல. எடுப்பதற்குத் தனியான, போதுமான காரணம் வேண்டும் என்பது. மரத்தை அறுத்த காரணமே தூரை அழிக்கவும் செல்லும் என்று எண்ணக்கூடாது. சாலையோரக் கிளை மின்கம்பியில் உரசியது அறுப்பதற்குக் காரணமாகலாம். வேரை ஒழிக்க அது காரணமாகாது.

வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேலத்தைக் காட்டி என்னை மடக்கலாம். அதுவும் உயிர்தானே, அதன் தூரையும் விட்டுவைப்பதா? கூடாது. தரைக்கு மேலே அறுத்தால் அது பல தண்டுகளாகக் கிளம்பி ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடும். ஆண்டுதோறும் அறுத்துக்கொண்டே இருப்பது அதற்கும் வதை, அதனடியில் முளைக்க முடியாமல் போகும் புல் பூண்டுக்கும் கேடு. அங்கே ஒரே தடவையில் வேரோடு எடுப்பதுதான் குறைந்த தீங்கு. இந்த விதிவிலக்கு என் வாதத்தை உடைக்கவில்லை. உயிர் தூரில் இருக்கிறது என்று அறிந்தவரால்தான் எங்கே ரம்பத்தோடு நிறுத்த வேண்டும், எங்கே வேர்வரை போக வேண்டும் என்று முடிவெடுக்க முடியும்.

ஆகவே இயந்திரத்துக்குச் சொல்லி அனுப்புமுன் அந்தக் கட்டையின் பட்டையை ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாராளமாக எடுத்துவிடலாம். பச்சை தெரிந்தால், இந்த இடம் உண்மையிலேயே நமக்கு வேண்டுமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.