அரசின் பெயரில் ஒரு கடை

1961இல் வியன்னாவில் உருவான தூதரக உறவுகள் ஒப்பந்தம் தூதர்களைப் பற்றி இரண்டு விதிகளை வகுத்திருக்கிறது. மூன்றாம் பிரிவின்படி, இரு நாடுகளுக்கிடையே பொருளாதார உறவை வளர்ப்பது தூதரகத்தின் பணிகளுள் ஒன்று. நாற்பத்திரண்டாம் பிரிவின்படி, தூதர் தாம் பணியாற்றும் நாட்டில் சொந்த லாபத்துக்காக எந்தத் தொழிலும் வணிகமும் செய்யக்கூடாது. தன் நாட்டுக்காக வணிகத்தை வளர்க்கலாம், தனக்காக வணிகம் செய்யலாகாது என்பது சாரம். படிக்கும்போது கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தூதரகத்தை நடத்தும் அதே அரசின் கூரையின் கீழ், அரசுப் பணத்தில் பங்கு பெற்று, ஒரு கோதுமை விவசாயிகள் சங்கமோ சோயா விவசாயிகள் சங்கமோ மேசை போட்டு உட்காரும்போது அந்தக் கோடு எங்கே ஓடுகிறது? சங்கம் லாப நோக்கற்றது. அதன் அலுவலர் யாரும் தன் பைக்குக் காசு சேர்ப்பதில்லை. ஆனாலும் அங்கே நடப்பது விற்பனைதான். அரசின் பெயரைக் கேட்டு ஒருவர் கொள்ளும் நம்பிக்கையை விற்பனைக்குப் பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் அந்த நம்பிக்கைக்கு ஈடாக அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது ஓர் அறக் கேள்வி. ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களால் அதற்கு விடை சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டை மிக விரிவாகக் கட்டியெழுப்பிய நாடு அமெரிக்கா. 1954இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட பி.எல்.480 சட்டம் உபரி தானியத்தை வெளிநாடுகளுக்கு அவரவர் நாணயத்திலேயே விற்க வழி செய்தது. அப்படித் திரண்ட உள்ளூர்ப் பணத்தின் ஒரு பகுதியைச் சந்தையை வளர்க்கச் செலவிடலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. அடுத்த ஆண்டே வேளாண் துறையும் விவசாயிகள் சங்கங்களும் கைகோத்து வேலை செய்யும் திட்டம் தொடங்கிவிட்டது. 1978இல் வந்த வேளாண் வர்த்தகச் சட்டம், வெளிநாட்டு வணிக நகரங்களில் தனி வர்த்தக அலுவலகங்கள் திறக்கச் சொன்னது. பணம் இரு பக்கமிருந்தும் வருகிறது. கோதுமை விவசாயி தன் விளைச்சலை விற்கும்போது புஷலுக்குச் சில சென்ட் பிடித்தம் செய்யப்பட்டு மாநில ஆணையத்துக்குப் போகிறது, அங்கிருந்து சங்கத்துக்குப் போகிறது. அரசின் பங்காக, சந்தை அணுகல் திட்டத்துக்கு நெடுங்காலமாக ஆண்டுக்கு 20 கோடி டாலரும், வெளிநாட்டுச் சந்தை மேம்பாட்டுத் திட்டத்துக்கு 3.45 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டு வந்திருக்கின்றன.

இதன் நியாயத்தை முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையான நியாயம். கான்சாஸில் கோதுமை விதைக்கும் குடும்பத்தால் டோக்கியோவில் அலுவலகம் வைக்க முடியாது. பெரிய தானிய வணிக நிறுவனங்களால் முடியும். அரசு ஒதுங்கி நின்றால் சந்தை பற்றிய அறிவு பெரியவர்களின் கையோடு நின்றுவிடும். சிறியவர்கள் ஒன்றுகூடி, பொதுப்பணத்தின் துணையோடு, தாங்களும் வாங்குபவரின் வாசலுக்குப் போவது சமத்துவத்தின் பக்கம் நிற்கும் காரியம். 1990களின் தொடக்கத்தில் சந்தை அணுகல் திட்டத்துக்கு முன்னோடியாக இருந்த திட்டத்தின் பணம் மெக்டொனால்ட்ஸ் போன்ற பெருநிறுவனங்களின் விளம்பரத்துக்கும் போனது தெரியவந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதற்குப் பிறகு பெருநிறுவனங்களின் சொந்த முத்திரைப் பொருள்களுக்கு நேரடியாகப் பணம் தருவது நிறுத்தப்பட்டு, லாப நோக்கற்ற சங்கங்கள், கூட்டுறவுகள், சிறு நிறுவனங்கள் என்று வட்டம் சுருக்கப்பட்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் அது விற்பவர்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கை மட்டுமே திருத்தியது. வாங்குபவர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. ஒரு சங்கம் லாப நோக்கற்றது என்றால் அதன் மிச்சப் பணத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவே. அதனால் விற்பவரின் நோக்கம் வாங்குபவரின் நன்மையாக மாறிவிடாது.

வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்க்க ஜப்பான் போக வேண்டும். 1956இல் அந்நாட்டுக் கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் ‘கிச்சன் கார்’ என்ற பேருந்துகள் வரத் தொடங்கின. வண்டியைத் திறந்தால் அடுப்பும் பாத்திரங்களுமாக ஒரு சமையல் மேடை. சத்துணவு வல்லுநர் ஒருவர் அதில் நின்று சமைத்துக் காட்டுவார். கூடிநிற்கும் பெண்கள் ருசி பார்ப்பார்கள், செய்முறைத் தாளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். வண்டியை நடத்தியது ஜப்பானியச் சத்துணவு அமைப்பு, பின்னால் நின்றது ஜப்பானின் சுகாதார அமைச்சகம். போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் சத்துக்குறைவு உண்மையான துயரமாக இருந்ததால் மக்கள் ஆர்வத்தோடு வந்தார்கள். செலவுக்கான பணமோ ஓரிகன் மாநிலக் கோதுமை விவசாயிகள் சங்கத்தின் வழியாக, பி.எல்.480 நிதியிலிருந்து வந்தது. சமைத்துக் காட்டும் உணவுகளில் கோதுமையும் சோயாவும் இடம்பெற வேண்டும் என்பது ஏற்பாடு. அமெரிக்கச் சோயா விவசாயிகள் சங்கம் தன் முதல் வெளிநாட்டு அலுவலகத்தை டோக்கியோவில் திறந்ததும் அதே 1956இல்தான். எண்ணெயில் வதக்கியோ பொரித்தோ நாளுக்கு ஒரு வேளையாவது சமைக்கச் சொல்லும் ‘வாணலி இயக்கம்’ ஒன்றும் அந்தக் காலத்தில் பரவியது. பணம் எங்கிருந்து வந்தது என்பது அந்தப் பேருந்தின் முன்னால் நின்ற பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. 1978இல் என்.எச்.கே தொலைக்காட்சியின் ஆவணப்படம் இந்தக் கதையைப் பொதுமக்கள் முன் வைத்தபோதுதான் பலருக்கு அது தெரிந்தது.

இதை ஒரு சதிக்கதையாகச் சொல்வது எளிது, தவறும்கூட. ஜப்பானியர் ஒருவர் ஆண்டுக்கு உண்ட அரிசி 1962இல் சுமார் 118 கிலோவாக உச்சம் தொட்டு, இன்று அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஒரு சமையல் பேருந்து காரணமாக முடியாது. வருமானம் உயர்ந்தது, இறைச்சியும் பாலும் தட்டில் ஏறின, மக்கள் நகரங்களுக்குப் போனார்கள், 1954இல் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்ததற்கு முன்பும் பின்பும் பள்ளிப் பிள்ளைகள் ரொட்டி தின்று வளர்ந்தார்கள். பள்ளி உணவில் சோறு முறைப்படி சேர்ந்ததே 1976இல்தான். எண்ணெயும் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் கிடைத்தது பல குடும்பங்களுக்கு நன்மையாகவே இருந்திருக்கும். ஆகவே விளைந்த பலனை வைத்து இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. இம்மானுவேல் காண்ட் 1795இல் எழுதிய ‘நிலையான அமைதி’ என்ற சிறு நூலின் பிற்சேர்க்கையில் பொது வாழ்வுக்கு ஓர் உரைகல் தருகிறார்: பிறர் உரிமையைத் தொடும் செயலின் நோக்கத்தை வெளிப்படையாக அறிவித்தால் அந்தச் செயல் நிறைவேறாமல் போகுமென்றால், அது நியாயமற்ற செயல். சமையல் பேருந்தின் பக்கவாட்டில் ‘இந்த உணவுகளைப் பரிந்துரைக்கப் பணம் தருபவர்கள் ஓரிகன் கோதுமை விவசாயிகள்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெண்கள் வந்திருக்க மாட்டார்களா? வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் வேறு காதோடு கேட்டிருப்பார்கள். மருத்துவரின் சொல்லாக எடுத்துக்கொண்டதைக் கடைக்காரரின் சொல்லாக எடைபோட்டிருப்பார்கள். அந்த எடைபோடும் உரிமைதான் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. கோயில் தர்மகர்த்தா தன் சொந்தச் செக்கின் எண்ணெயைக் கோயில் விளக்குக்கான எண்ணெய் என்று பெயர் சொல்லி விற்றால், எண்ணெய் சுத்தமானதாக இருந்தாலும் ஊர் அவரை மன்னிக்காது.

வெளிப்படையாக இருந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. அதற்குச் சான்று புகையிலை. வட கரோலினாவை மையமாகக் கொண்ட ‘டொபாக்கோ அசோசியேட்ஸ்’ புகையிலை விவசாயிகளின் லாப நோக்கற்ற அமைப்பு. கோதுமைச் சங்கம் போலவே அதுவும் வேளாண் துறையின் கூட்டாளியாக, பொதுப்பணத்தின் துணையோடு அமெரிக்கப் புகையிலைக்கு வெளிநாட்டில் சந்தை தேடியது. ‘அமைதிக்கான உணவு’ என்று பெயர் பெற்ற அதே பி.எல்.480இன் கீழ் பல ஆண்டுகள் புகையிலையும் கப்பலேறியது. இதில் எதுவும் ஒளித்துச் செய்யப்படவில்லை. நாடாளுமன்ற ஆவணங்களில் எல்லாமே பதிவாகியிருந்தன. ஆனால் அதே அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 1964இலேயே புகைப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை தந்திருந்தார். உள்நாட்டில் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை, வெளிநாட்டில் அதற்கு விற்பனை உதவி. 1990இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே இந்த முரணைத் தலைப்பாக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எவரெட் கூப் வெளிப்படையாகக் கண்டித்தார். தன் குடிமகனுக்கு ஒரு பொருளைப் பற்றி ஓர் உண்மையும் அயலானுக்கு வேறோர் உண்மையும் சொல்லும் அரசு, உண்மையைக் கடவுச்சீட்டு பார்த்துப் பங்கிடுகிறது. இந்த இடத்தில்தான் என் வாதம் நிற்கிறது: அரசு தன் பெயரை விற்பனைக்குக் கொடுத்த கணமே, வாங்குபவர் குடிமகன் அல்லாவிட்டாலும் அவருக்கு அது கடன்பட்டுவிடுகிறது. சொந்த வீட்டில் சொல்லத் தயாராக இருக்கும் எச்சரிக்கையை அவர் வீட்டிலும் சொல்வதே அந்தக் கடனின் குறைந்தபட்ச அளவு.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, அரசியல் தத்துவத்தின் பழைய வாதம்தான். அரசு தன் மக்களுக்கு மட்டுமே பொறுப்பு, வாங்குபவரைக் காக்க அவருக்கென்று ஓர் அரசு இருக்கிறது, அவரவர் அரசு அவரவரைக் காத்துக்கொள்ளட்டும் என்பது அது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தாய்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். அந்நாட்டு அரசு வெளிநாட்டுச் சிகரெட்டைத் தடுத்து வைத்திருந்தது. அமெரிக்கச் சிகரெட் ஏற்றுமதியாளர் சங்கம் புகார் செய்ய, அமெரிக்க அரசு அதைக் கையிலெடுத்து உலக வர்த்தக விதிகளுக்கான காட் அமைப்பு வரை கொண்டுபோனது. 1990இல் வந்த தீர்ப்பு, உள்ளூர்ச் சிகரெட் விற்றுக்கொண்டிருக்கும்போது வெளிநாட்டுச் சிகரெட்டை மட்டும் தடுப்பது விதிமீறல் என்றது. விளம்பரத் தடை போன்று எல்லாச் சிகரெட்டுக்கும் பொதுவான கட்டுப்பாடுகளைத் தாய்லாந்து வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. தாய்லாந்தின் அரசுச் சிகரெட் நிறுவனத்துக்கும் இதில் லாபம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ‘உன் அரசு உன்னைக் காக்கட்டும்’ என்று சொன்னவரே, அந்த அரசு குறுக்கே கை நீட்டியபோது அந்தக் கையை விலக்க வழக்காடியிருக்கிறார். அப்புறம் அந்த மறுப்பை அவர் வாயால் எப்படிச் சொல்வது? நம் மரபையும் பார்க்கலாம். திருக்குறளில் வணிகருக்கான நெறி பொருள் சேர்ப்பதைப் பேசும் அதிகாரத்தில் வரவில்லை. நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வருகிறது. பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேணுவதே வணிகரின் வணிகம் என்கிறது. அந்த அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், பகைவர், நண்பர் என்ற இருவரோடு நிறுத்தாமல் நொதுமலரையும், அதாவது இரண்டுமல்லாத அயலாரையும் சேர்த்து, மூவரிடத்தும் ஒப்ப நிற்பதே நடுவு நிலைமை என்கிறார். விற்பவரின் அறம் அவருடைய ஊர் எல்லையோடு முடிந்துவிடும் என்று நம் மரபு நினைக்கவில்லை.

இன்னும் இரண்டு மறுப்புகள் உண்டு. எல்லா நாடும் செய்கிறது, ஜப்பானின் ஜெட்ரோ, கொரியாவின் கோட்ரா என்ற வர்த்தக ஊக்குவிப்பு அமைப்புகள் இதற்கென்றே பிறந்தவை என்பார்கள். எல்லாரும் செய்வது வழக்கமாகலாம், நியாயமாவதற்கு வேறு காரணம் வேண்டும். வாங்குபவர் வயது வந்தவர், அவர் விருப்பம் அவருடையது என்பார்கள். அது கனமான சொல், வயது வந்தவர்களைக் குழந்தைகளாக நடத்துவதை நானும் விரும்பவில்லை. ஆனால் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க, பேசுபவர் யார் என்றும் அவர் தன் பிள்ளைகளிடம் இதே பொருளைப் பற்றி என்ன சொல்கிறார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்த பிறகு வாங்கினால் அது அவர் விருப்பம்தான். அமெரிக்காவும் தாமதமாகவேனும் இந்தப் பக்கம் நகர்ந்தது. 1993இல் சந்தை வளர்ப்பு நிதி புகையிலைக்கு மறுக்கப்பட்டது. 1997இல் நாடாளுமன்ற உறுப்பினர் டாகெட் கொண்டுவந்த திருத்தம், புகையிலை ஏற்றுமதியை ஊக்குவிக்கச் சில அரசுத் துறைகளின் பணத்தைச் செலவிடத் தடை போட்டது. 2001 ஜனவரியில் அதிபர் கிளின்டன் அதை எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும் ஆணையாக்கினார். வெளிநாட்டு அலுவலகமும் சங்கங்களும் அதனால் இடிந்து விழவில்லை. கோதுமையும் சோயாவும் தொடர்ந்து விற்றன. அரசு தன் பெயரைக் கொடுப்பதற்கு முன் பொருளைப் பார்த்துக் கொடுக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

எந்தப் பொருளுக்கு அரசு தன் பெயரைக் கொடுக்கலாம் என்ற கேள்வி இந்தியாவில் இன்னும் அப்படியே இருக்கிறது. 1975இன் சட்டப்படி குண்டூரில் அமைந்த புகையிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. புகையிலை ஏற்றுமதியை வளர்ப்பதும், அதற்கு வெளிநாட்டில் சந்தை தேடுவதும் அதன் சட்டப்படியான கடமைகள். 2004இல் இதே மத்திய அரசு உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை ஏற்று உறுதி செய்தது. இதே அரசின் சுகாதார அமைச்சகம் 2016 முதல் சிகரெட் பெட்டியின் முகப்பில் 85 விழுக்காட்டை நோயின் படத்தாலும் எச்சரிக்கை வாசகத்தாலும் நிரப்பச் சொல்கிறது. அந்தப் படம் இந்தியக் கண்களுக்கு மட்டும் உரியதல்ல. குண்டூரிலும் பிரகாசத்திலும் மைசூர்ப் பக்கத்திலும் புகையிலை பயிரிடும் குடும்பங்களின் பிழைப்பும் பொய்யல்ல. வாரியத்தின் ஏல மேடையில் கிடைக்கும் விலையை நம்பித்தான் அவர்கள் கடன் வாங்கிப் பயிர் வைக்கிறார்கள். அவர்களை ஒரே நாளில் கைவிடச் சொல்பவர்கள் அறத்தைப் பாதியாகத்தான் படித்தவர்கள். அந்த உலக ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவு, புகையிலை விவசாயிகளுக்கு வேறு பிழைப்பு வழி காட்டும் பொறுப்பை அரசுகளிடம் தருகிறது. வெளிநாட்டில் புகையிலைக்குச் சந்தை தேடும் பணமும் இந்தக் குடும்பங்களை வேறு பயிருக்குக் கொண்டுபோகும் பணமும் ஒரே கஜானாவிலிருந்துதான் வர வேண்டும். முதல் செலவு எதற்கு என்பதை வர்த்தக அமைச்சகமும் சுகாதார அமைச்சகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும்.