சுதையும் காளவாயும்

கடல்நீர்த் தொட்டிக்குள் கல் அடுக்குவது அற்பமான காரியம் போலத் தோன்றும். வசதி உள்ளவன் வீட்டு வரவேற்பறை அலங்காரம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தக் காரியத்துக்குள் கலை பற்றிய ஒரு கேள்வியும் நியாயம் பற்றிய ஒரு கேள்வியும் சேர்ந்து கிடக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பேச முடியுமா என்பதே இங்கே என் அக்கறை.

முதலில் காரியம். பவளப்பாறைத் தொட்டியில் கல் வெறும் காட்சிப் பொருள் அல்ல. இறந்த பவளங்களின் சுண்ணாம்புக் கூடு அது; உள்ளெல்லாம் நுண்துளைகள். மீன் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவைக் கல்லின் மேற்பரப்பில் குடியேறிய பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத உள்துளைகளில் வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜனாக வெளியே விடுகின்றன. தொட்டிக்கு ஈரல் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் கல்தான். 1960களின் தொடக்கத்தில் ஜாகர்த்தாவில் லீ சின் எங் என்பவர் வடிகட்டி யந்திரங்களை விலக்கிவிட்டு, கடலிலிருந்து உயிரோடு எடுத்த கல்லையும் காற்றுக் குமிழிகளையுமே நம்பித் தொட்டி வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து ‘உயிர்க்கல்’ என்பது இந்தத் துறையின் மூலச்சொல் ஆயிற்று.

இனி, அடுக்கும் முறை. கல் மணல்மேல் நிற்கக் கூடாது. முதலில் கண்ணாடித் தளத்தின் மேல் அது உறுதியாக நிற்க வேண்டும், மணல் பிறகு. மணலைத் தோண்டி வாழும் ஜீவன்கள் அடியைப் பறித்துவிட்டால் மேலே உள்ளது அவற்றின் தலையிலேயே சரியும். பின்கண்ணாடியில் சாய்த்து வைக்கக் கூடாது; நீர் சுற்றி வரவேண்டும். சுவர் போல நெருக்கினால் இடுக்குகளில் கழிவு தேங்கும். துரத்தப்படுகிற மீன் ஒளிந்துகொள்ளப் பொந்து வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இனி வளரப் போகும் பவளத்துக்கு இடம் விட வேண்டும். முதல் நாளில் நிறைவாகத் தெரிகிற அடுக்கு சில வருஷங்களில் நெரிசலாகிவிடும். ஆகவே தேர்ந்த கை முதல் நாளில் ஒரு குறையை வேண்டுமென்றே விட்டு வைக்கிறது.

உருவமா உள்ளடக்கமா என்று நம்மிடையே நடந்த சண்டைகளில் இந்தச் சாதாரண உண்மை அகப்படாமல் போயிற்று. இங்கே உருவம் என்பது கற்கள் அல்ல. கற்களுக்கு நடுவே விடப்பட்ட வெளி. அழகும் உபயோகமும் ஒரே இடத்தில், அந்த வெளியில், கூடுகின்றன. நல்ல அடுக்கு அடுக்கியவனைக் காட்டுவதில்லை. கற்களைத் துளைத்துச் செருகிய கம்பிகளும் ஒட்டிய பசையும் நாளடைவில் செவ்வூதாப் பாசியின் அடியில் மறைந்துபோகும். இந்த மறைப்பில் தவறில்லை. தன் கையைத் தானே மறைத்துக்கொள்வது கலையின் அடக்கம்.

ஆனால் இன்னொரு மறைப்பும் இருக்கிறது. கல் எங்கிருந்து வந்தது?

மன்னார் வளைகுடாவில் பல தலைமுறைகளாகப் பவளக்கல் வெட்டி எடுத்தார்கள், சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைந்தது. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்கடியில் போய்விட்டன. அலையைத் தாங்கிய பாறை போனால் தீவு நிற்காது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவு 1969இல் சுமார் 20 ஹெக்டேர். 2015இல் 2 ஹெக்டேர்கூட இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கிக் கல் எடுத்தவனுக்குக் கிடைத்தது கூலி. மிச்சம் யாருக்குப் போயிற்று என்பதை வெள்ளைச் சுவர்களைத்தான் கேட்க வேண்டும். அந்தச் சுவர்களில் கடல் தெரிவதில்லை.

கல்லைப் பற்றி யோசிக்கும்போது எங்கள் திருநின்றவூரில் பூசலாரைத் தவிர்க்க முடியாது. கோயில் கட்டப் பொருள் தேடி, கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கட்டியவர். பெரிய புராணம் அந்த வேலையை ஒரு மேஸ்திரியின் கண்ணோடு சொல்கிறது. அடித்தளம் உண்டு, சிகரம் உண்டு, சுதைவேலை உண்டு, கிணறும் மதிலும் குளமும் உண்டு. காஞ்சியில் கல்லால் கட்டிய அரசனின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் இந்தக் கோயிலுக்கு வருகிறான். பக்தியின் மேன்மை என்று இதை ஊரில் சொல்வார்கள். எனக்கு வேறொன்று படுகிறது. பூசலார் பூசிய சுதைக்காக எந்தக் காளவாயும் எரியவில்லை. பிறர்மேல் ஒரு துளி பாரம்கூட ஏற்றாமல் எழுந்த ஒரே கட்டடம் அது.

இதை லட்சியமாக எடுத்துக்கொள்ளச் சபலம் எழும். நம்மில் சிலர் எடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். எழுதாத காவியமே தூய்மையானது என்பார்கள். ஆனால் மனக்குளத்தில் வேறொருவன் இறங்கிக் குளிக்க முடியாது. மனத்தில் அடுக்கிய கல்லில் ஒரு மீன்கூட ஒளிய முடியாது. பூசலாரின் தூய்மை பூசலாருக்கும் அவருடைய தெய்வத்துக்கும் மட்டுமே. மற்றவர் வந்து தங்கும்படி எதையாவது செய்ய நினைக்கிறவன் வெளியிலிருந்து கல் எடுத்தே ஆகவேண்டும். கவிஞனும் அப்படித்தான், பிறர் துக்கத்திலிருந்து எடுக்கிறான். துக்கப்பட்டவன் பாசிக்கடியில் போகிறான், கவிதை மினுங்குகிறது.

பேரேடு எழுதிப் பழகியவனுக்கு ஒரு விதி ரத்தத்தில் ஊறியிருக்கும். பேரேடு கணினிக்குள் போன பின்னும் அது மாறவில்லை: ஓரிடத்தில் வரவு எழுதினால் இன்னோரிடத்தில் பற்று எழுதியாக வேண்டும். கலையில் நாம் வரவை மட்டும் எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

பற்று எழுதவும் வழி இருக்கிறது. இன்று தொட்டி வைப்பவர்களில் சிலர் கடல் கல்லைத் தொடுவதில்லை. சிமெண்டோடு சிப்பித் தூளும் கல்லுப்பும் கலந்து வார்க்கிறார்கள். நீரில் ஊறும்போது உப்பு கரைந்து, கரைந்த இடம் துளையாகிறது. சிமெண்டின் காரம் இறங்க வாரக்கணக்கில் நீரை மாற்றி மாற்றி ஊறவைக்கிறார்கள். அதன்பிறகே பாக்டீரியா வந்து குடியேறும். சிமெண்டுக்கும் எங்கோ ஒரு மலை உடைகிறது என்பது மெய்தான். கணக்கு பூஜ்யமாவதில்லை, ஆனால் எழுதப்படுகிறது. உயிர்க்கல்லை எடுத்து வருவதற்கும், கல்லுக்கு உயிர் வரும்வரை காத்திருப்பதற்கும் உள்ள தூரம் சிறியதல்ல.

வான்தீவில் 2015இலிருந்து இதே காரியம் பெரிய அளவில் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைக்க, தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் துளைகள் வைத்த கான்கிரீட் கட்டுமானங்களைப் பத்தாயிரத்துக்கும் மேலாகக் கடலடியில் இறக்கியது. அலையின் வேகத்தைத் தணிப்பது ஒரு நோக்கம்; பவளமும் மீனும் வந்து தங்குவது இன்னொன்று. தங்கவும் தொடங்கின. அவை அழகானவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவற்றின் முன்னால் கண்ணாடி இல்லை, விளக்கு இல்லை, சோபாவில் சாய்ந்து ரசிக்க ஆள் இல்லை.

கல் அடுக்கும் கலைக்கு நம் கடற்கரையில் ஒரு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். யாரோ எடுத்ததை வேறு யாரோ, பார்வையாளன் இல்லாத இடத்தில், பொந்து பொந்தாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.