தொண்டை கட்டியவன் ஊமையல்லன்

குரல் கம்மியவனைக் கண்டால் நாம் இரங்குகிறோம். சுக்கு வெந்நீர் தருகிறோம். "பேசாதே, ஓய்வெடு" என்கிறோம். உடலுக்கு அது நல்ல அறிவுரைதான். ஒரு மக்கட் கூட்டத்திற்கும் அதையே கூறலாமா?

குரல்வளையிலே இரு குரல் நாண்கள் உள்ளன. நுரையீரலிலிருந்து எழும் மூச்சு அவற்றை அதிரச் செய்கையில் ஒலி பிறக்கிறது. சளியாலோ ஓயாத கூச்சலாலோ அவை வீங்கினால் ஓரங்கள் சரிவரப் பொருந்துவதில்லை, குரல் கம்மிவிடுகிறது. அப்போதும் மூச்சு இருக்கிறது. சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஆகவே குரல் கம்மியவன் ஊமையல்லன்.

ஆசிரியர்களுக்கு இந்நோய் புதிதன்று. இடைச்சுவரில்லாத ஒரே கூடத்தில் பல வகுப்புகள் நடந்தால், பக்கத்து வகுப்பின் இரைச்சலை மீறி ஒவ்வொருவரும் கத்தியாக வேண்டும். தொண்டைக்கு மருந்து தரலாம். நோயின் வேரோ கட்டடத்தில் இருக்கிறது.

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றிலும் இதையே காண்கிறோம். 1930களில் நடேசய்யர் அட்டனிலிருந்து தொழிற்சங்கம் வளர்த்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் நடுவே பாடினார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையின் பிரதிநிதியானார். குரல் இல்லாதவர்களா இவர்கள்?

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் தொடர்ந்தது. கொழுந்து பறித்த கைகளிலிருந்து வாக்குச் சீட்டு பறிபோயிற்று. 1952 தேர்தலின் பின் அமைந்த சபையில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. அவ்வாண்டு கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது, சட்டம் அசையவில்லை. 1964இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றது. பங்கு பிரிக்கப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை.

இவர்களைக் "குரலற்றவர்கள்" என்று நாம் எழுதுவது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் அச்சொல் குற்றவாளியை மறைக்கிறது. குரலின்மை பிறவிக் குறையாகிவிட்டால், அதைப் பறித்தவன் யார் என்ற கேள்வியே எழாது. பிறகு, "உங்களுக்காக நாங்கள் பேசுகிறோம்" என்று படித்தவர்கள் மேடையேறுவதும் எளிதாகிவிடும். அந்தப் பேச்சிலும் லயத்து மனிதனின் சொல் அமுங்கிப்போகலாம்.

குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் தொண்டையை ஆராய வேண்டும் என்பது மருத்துவ நெறி. இங்கோ, நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. முதற் சட்டத்திலிருந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இதைப் பொறுமை என்று போற்றுவது நாணத்தக்க செயல்.

ஓய்வு தொண்டையின் வீக்கத்தைத் தணிக்கும். மௌனம் அநீதியைத் தணித்ததில்லை. கம்மிய குரலுக்குப் பதிலாகப் பேசுவதை விட, அக்குரல் கேட்கும்படி கூடத்தின் இரைச்சலை அடக்குவதே நம் கடமை. அதன் முதற்படி, நாம் சற்றுப் பேசாதிருந்து கேட்பதாகும்.