நகர வீடமைப்பு மானியம்: கொடையா, கடமையா?

திருக்குறளிலே ஈகை அறத்துப்பாலிலும் செங்கோன்மை பொருட்பாலிலும் வைக்கப்பட்டுள்ளன. ஈதல் இல்லறத்தானின் பண்பு. முறைசெய்தல் அரசின் தொழில். அவ்வாறாயின், ஓர் அரசு தன் நகரங்களில் வாழும் வறியோரின் வீடமைப்புக்குப் பணம் வழங்கும்போது இவ்விரண்டில் எதனைச் செய்கின்றது? ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை முன்வைத்து இவ்வினாவை நோக்குவது பயனுடைத்து.

ஒவ்வொரு குடும்பத்திற்கும் தகுந்த வீடு வேண்டும் என்பதை 1949ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் அந்நாட்டின் தேசிய இலக்காகப் பிரகடனம் செய்தது. அதன்படி, சேரிகளை அகற்றி நகரைப் புதுப்பிக்கும் திட்டங்களின் நிகரச் செலவில் மூன்றில் இரு பங்கினைச் சமஷ்டி அரசாங்கம் ஏற்றது. நோக்கம் உயர்ந்ததே, விளைவோ வேறாயிற்று. தலைநகர் வாஷிங்டனின் தென்மேற்குப் பகுதியில் இவ்வாறு தெரிவுசெய்யப்பட்ட ஒரு பிரிவில் 5,012 பேர் வாழ்ந்தனர்; அவர்களுள் 97.5 வீதத்தினர் கறுப்பினத்தவர். அப்பிரிவைக் கையகப்படுத்துவது செல்லுபடியாகும் என உயர்நீதிமன்றம் 1954இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வறியோரின் பெயரால் வந்த பணம் வறியோரையே பெயர்த்தது.

இத்தகைய குறைகளுக்கு, தொலைவிலிருந்து திட்டமிடுதலே காரணமெனப் பலர் கருதினர். ஜனாதிபதி போர்ட் 1974 ஓகஸ்ட் 22இல் கையொப்பமிட்ட வீடமைப்பு, சமுதாய அபிவிருத்திச் சட்டம் நகரப் புதுப்பித்தல், மாதிரி நகரங்கள் முதலிய தனித்தனித் திட்டங்களை ஒரே தொகுதி மானியமாக இணைத்தது. சனத்தொகை, வறுமை, வீட்டு நெருக்கடி ஆகியவற்றின் அடிப்படையில் நகரங்களின் பங்கு கணிக்கப்பட்டது. அதனை எவ்வாறு செலவிடுவதென்பது பெரும்பாலும் நகரங்களின் தீர்மானத்திற்கே விடப்பட்டது. அருகிலிருப்பவனே தேவையை அறிவான் என்பது இதன் தத்துவமாகும்.

ஆயின், அறிதல் வேறு, நீதி செய்தல் வேறு. நியூயோர்க் நகருக்கு வடக்கேயுள்ள வெஸ்ட்செஸ்ரர் மாவட்டம் இம்மானியங்களைப் பெறுகையில், வீடமைப்பில் இனப்பாகுபாட்டை நீக்க முயல்வதாக உறுதிமொழி அளித்து வந்தது. அவ்வுறுதிமொழிகள் பொய்யானவை என 2009இல் நீதிமன்றம் கண்டது. அதே ஆண்டு எட்டப்பட்ட இணக்கத்தின்படி, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் 750 வீடுகளுக்கு வழிசெய்ய மாவட்டம் உடன்பட்டது. அருகிலிருந்தோர் தேவையை அறியாதவரல்லர். அறிந்தும் அயலவராக ஏற்க மனமில்லாதவராயினர்.

தூரமும் அண்மையும் ஒருங்கே தவறியமைக்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. கொடைக்கு ஈவோனும் ஏற்போனும் ஆகிய இருவர் போதும். வீடமைப்பு மானியத்திலோ மூன்றாமவர் ஒருவர் உளர். ஈவது மத்திய அரசு, ஏற்பது நகரசபை, வீடற்றவரோ இவ்விருவருக்கும் வெளியே நிற்கின்றார். இருவர்க்கிடையிலான கொடையாக இதனைக் கருதும்வரை அவர் காட்சிப் பொருளேயன்றிக் கட்சிக்காரர் அல்லர்.

மானியத்துடன் நிபந்தனைகள் விதிப்பது உள்ளூர்ச் சுயாட்சிக்கு இழுக்கு என்பர் சிலர். இவ்வாதம் முற்றாக ஒதுக்கத்தக்கதன்று. ஈவோனின் விருப்பைத் திணிக்கும் நிபந்தனை இழுக்கே. ஆனால், மூன்றாமவரைக் காக்கும் நிபந்தனை அத்தகையதன்று. மானியத்தில் குறைந்தது 70 வீதம் தாழ்ந்த, நடுத்தர வருமானமுடையோருக்குப் பயன்பட வேண்டும் என்னும் இன்றைய விதியும், செலவு குறித்து மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்னும் விதியும் அவரது உரிமைக்கான காப்புகளாகும். சுயாட்சி என்பது ஊராரின் உரிமை. ஊராருள் சிலரை விலக்கும் உரிமை அன்று.

எனினும், ஒரு முரண்பாடு எஞ்சுகின்றது. நகரங்களின் பங்கினைத் தேவை தீர்மானிக்கின்றது. பங்கிடப்படும் மொத்தத் தொகையையோ ஆண்டுதோறும் காங்கிரஸின் விருப்பு தீர்மானிக்கின்றது. பங்கீடு கடமையின் மொழியிலும் தொகை கொடையின் மொழியிலும் பேசுகின்றன. முறைசெய்தல் அரசின் தொழிலாயின், அம்முறை பங்கீட்டோடு நின்றுவிடலாகாது. கூரையற்றவன் இரப்பவனாக அன்றி உரியவனாக நகரசபையின் வாயிலில் நிற்கக்கூடிய நாளிலேயே மானியம் ஈகையினின்று செங்கோன்மையாக உயரும்.