பதில் சொல்லாத நடுகல்

புறநானூற்றின் 232ஆம் பாடலில் ஔவையார் ஒரு நடுகல்லின் முன் நிற்கிறார். கல்லுக்கு மயிற்பீலி சூட்டியாயிற்று. சிறு கலத்தில் வடித்த கள்ளையும் படைக்கிறார்கள். அந்த நேரத்தில் அவருக்கு ஓர் ஐயம் எழுகிறது: உயர்ந்த மலையோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்வான்? பாட்டு அதற்கு விடை சொல்வதில்லை. கல்லாகிப்போனவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுடைய தகடூர்தான் இன்றைய தர்மபுரி. இந்த மண்ணின் இலக்கியத்தை ஊடாடும் டிஜிட்டல் கலையாகவும் நடனமாகவும் மாற்ற நினைக்கும் எவரும் முதலில் கைவைக்கக்கூடிய பாட்டு இது. இருட்டறை ஒன்று, நடுவே ஒளியால் வரைந்த கல். பார்க்க வந்தவர் கையை நீட்டினால் கள் வழியும், பீலி அசையும், கல்லிலிருந்து அதியமான் எழுந்து ஆடுவான். அழகாகத்தான் இருக்கும். ஆனால், கை நீட்டிய நொடியில் கல் பதில் கொடுத்துவிட்டால், ஔவை கேட்ட கேள்வி எங்கே போகும்? படைத்ததை எதிர்ப்புறம் ஏற்குமா என்று தெரியாமலே படைப்பதுதான் வழிபாடு. தொட்டால் பதில் வந்தே தீரும் என்ற உறுதியின் மேல் எழுந்தது ஊடாடும் கலை. இந்த இரண்டுக்கும் உள்ள பகையைக் கண்டுகொள்ளாமல் செய்யும் மறு ஆக்கம் பாட்டின் உடுப்பை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

நடுகல் வழிபாடு செத்துப்போன வழக்கம் என்று நினைத்தால் இதெல்லாம் ஏட்டுப் பேச்சாகத் தோன்றலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் பழைய நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பூசை பெறுகின்றன. நாட்டார் கோயில்களில் சாமியிடம் பூ கேட்பவர்கள், அது விழும்வரை காத்திருக்கிறார்கள். விழாவிட்டால் காரியத்தைத் தள்ளிவைக்கிறார்கள். பலி கொடுக்கும் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டு, அது உடலைச் சிலிர்க்கும்வரை கத்தியை ஓங்குவதில்லை. அது சிலிர்க்காமல் நிற்கும் நேரத்தில் கூட்டத்தில் பரவும் கலக்கம் எந்தப் பூசாரியும் ஏற்பாடு செய்து வருவதில்லை. இவையும் ஊடாட்டங்கள்தாம். கேட்பவர் இருக்கிறார், பதிலும் வருகிறது. வராமலும் போகலாம் என்பதால்தான் வந்த பதிலுக்கு மதிப்பு. டோக்கியோவில் டீம்லேப் என்ற டிஜிட்டல் கலைக் குழு 2018இல் திறந்த கூடத்தில் மனிதர் நடமாட்டத்துக்கு ஏற்ப ஒளிப்பூக்கள் மலர்ந்தன, உதிர்ந்தன. அந்த வேலையின் நுட்பத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பூ யாரையும் காக்க வைப்பதில்லை.

கோயிலும் கூத்தும் இருக்க வேண்டிய இடத்தில் திரை எதற்கு, அது புனிதத்தைக் கெடுக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த எதிர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவின் கடைசி நாளில் படுகளத்தில் படுத்திருக்கும் துரியோதனன் வெறும் மண். அந்த ஒரு நாளுக்காகக் குழைத்துப் பூசி வண்ணம் தீட்டியது; அன்றே கலைந்தும்விடும். அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பகல் மட்டும் நிற்கும் மண்ணில் தெய்வக் கதை குடியேறும் என்றால் ஒளியில் குடியேறக் கூடாது என்பதற்கு நியாயமில்லை. படுகளம் வேறொன்றையும் காட்டுகிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் ஊரே அந்தக் கதைக்குள் இருக்கிறது. காப்புக் கட்டியவர் விரதத்துக்குக் கட்டுப்பட்டவர். அப்படியிருந்தும் கர்ணன் பிழைக்கட்டும் என்று முடிவை மாற்றும் உரிமையை எவரும் கேட்பதில்லை. பங்கு கொள்வது வேறு, தேர்ந்தெடுப்பது வேறு. கூத்திலேயே இதற்கான ஏற்பாடும் இருக்கிறது: கூட்டத்தோடு வாயாடுவதும் கேலிக்குப் பதில் கேலி சொல்வதும் கட்டியக்காரன் வேலை. துகில் பறிக்கப்படும் இடத்தில் பாஞ்சாலியிடம் யாரும் அப்படிப் பேச்சுக் கொடுக்க முடியாது. சென்சார்களை வைத்தே ஆகவேண்டும் என்றால் கட்டியக்காரனுக்கு வைக்கலாம், அவன் சந்தோஷப்படுவான்.

இதைவிட வலுவான மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். கதைகள் என்றைக்கு மாறாமல் இருந்தன? வில்லிபுத்தூரார் வியாசரை அப்படியே தமிழாக்கவில்லை. பாரதியின் பாஞ்சாலி 1912இல் வேறு விடுதலையைப் பேசினாள். கூத்துக் கலைஞர்கள் ஆண்டுதோறும் புதிது சேர்க்கிறார்கள். தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரையில் நமக்குக் கிடைத்திருப்பதே சில பாடல்கள்தாம். மீதியை யாராவது கற்பனையால் நிரப்பித்தான் ஆக வேண்டும். அந்த உரிமையைப் பார்வையாளருக்கும் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? மாற்றுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாரதி மாற்றியபோது அந்த மாற்றம் அவர் பெயரில் நின்றது. அதற்கு வந்த ஏச்சும் பேச்சும் அவரைச் சேர்ந்தன. கூத்தாடி புதிதாக ஒரு வசனம் சேர்த்தால் விடியும்வரை ஊர்க்காரர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். பொத்தானை அழுத்தி முடிவை மாற்றியவர் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். பழிக்கு ஆளில்லாத சுதந்திரத்தை விளையாட்டு என்று சொல்லலாம், அறம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் இயந்திரத்தையும் சில வேளைகளில் மௌனமாக இருக்கும்படி செய்துவிட்டால் போதாதா? பத்துக் கைகளில் ஒன்றுக்கு மட்டும் கல் அசையட்டுமே என்று ஒரு பொறியாளர் கேட்கலாம். கெட்டிக்காரத்தனமான யோசனை, ஆனாலும் போதாது. தென்கலை வைணவத்தில் அருள் என்பது நம் முயற்சிக்குக் கொடுக்கப்படும் கூலி இல்லை. பூனை தானாகவே குட்டியைக் கவ்விச் செல்வதுபோல அது வருகிறது. அதற்காக அதைக் குலுக்கல் சீட்டு என்று எவரும் சொல்லவில்லை. தருவதற்கும் தராமல் இருப்பதற்கும் அங்கே ஒரு மனம் இருக்கிறது. ஔவையின் ஐயமும் அப்படிப்பட்டதே: வாங்க மறுக்கக்கூடிய ஒருவன் கல்லுக்குள் இருக்கிறான் என்று நம்பாதவருக்கு அந்தக் கேள்வி எழவே எழாது. எண்களைக் குலுக்கி வரும் மௌனத்தில் மறுப்பவர் யாருமில்லை.

இந்த வகைப் படைப்பில் நடனம் அலங்காரமாக இருக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் 'பைப்பெட்' 1999இல் மேடையேறியபோது, நடனக்காரர்களின் அசைவிலிருந்து பதிவான ஒளியுருவங்கள் முன்திரையில் ஆட, பின்னால் உயிருள்ள உடல்கள் ஆடின. ஒளியுருவம் பதிவானதை ஆடித்தான் தீர வேண்டும்; உயிருள்ள உடலால் நின்றுவிடவும் முடியும். தர்மபுரியில் ஒரு நடுகல் அறை அமைந்தால் ஒளியையும் ஒலியையும் இயக்கும் சென்சார் பார்வையாளரின் கைக்குக் கீழே இருக்கக் கூடாது. ஆடுகிறவரின் உடலில் இருக்க வேண்டும். அதியமானாக நிற்பவர் இரவெல்லாம் கிரீடம் சுமந்து பழகிய ஒரு கூத்துக் கலைஞராக இருந்தால் நல்லது. வந்தவர் சிறு கலத்தை நீட்டுவார். எழுந்து ஆடுவதா, அப்படியே கல்லாக நிற்பதா என்று கலைஞர் அந்தக் கணத்தில் முடிவு செய்வார். நுழைவுச் சீட்டு வாங்கியவர்களில் சிலர் எதையும் பார்க்காமல் திரும்ப நேரும். அவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரத் தேவையில்லை.